முன்னே ஓடுகிறவன்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

‘பேஸ்மேக்கர்’ என்றதும் இதயத்தில் பொருத்தும் கருவிதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். ஓட்டப் பந்தயத்திலும் ஒரு பேஸ்மேக்கர் உண்டு. தான் வெல்வதற்காக அன்றி, பின்னால் வருகிறவரின் வேகம் குறையாதிருக்க முன்னே ஓடுகிறவர் அவர். சென்ற ஆண்டு நம் கல்லூரி விளையாட்டு விழாவில் 5000 மீட்டர் ஓட்டத்தில் நான் பெற்ற முதல் பரிசு, அப்படி ஓடிய ஒருவனால் வந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

என் ஊர் ஆர்.கே.பேட்டை. பொழுது விடியுமுன்பே விசைத்தறிச் சத்தம் தொடங்கிவிடும். நானும் என் வகுப்புத் தோழனும் அதிகாலையில் சோளிங்கர் சாலையில் ஓடுவோம். ஆடிக் காற்றை எதிர்த்துப் போகையில் மூச்சு முட்டும். திரும்புகையில் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். ஒருநாள் அவன், “டேய், என் முதுகை ஒட்டியே வாடா” என்றான். அப்படியே ஓடிப் பார்த்தேன். நெஞ்சில் மோதிய காற்று பாதியாகக் குறைந்தது போல் இருந்தது.

காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று வகுப்பில் படித்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறவனுக்குக் காற்றில்லாத நாளில் 25 பங்கு தடை என்று கொள்வோம். 3 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால் அவன்மேல் மோதுவது 8 மீட்டர் வேகக் காற்று. தடையோ 64 பங்கு! 1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவுடன் சென்ற உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ, பின்னர் ஓட்டக்காரர்களையும் ஆராய்ந்தார். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில், முன்னால் ஓடுகிறவருக்கு ஒரு மீட்டர் பின்னே ஓடினால் ஆக்சிஜன் செலவு 6.5 சதவீதம் குறைகிறது என்று 1971இல் எழுதினார். என் போன்றோர் வேகத்தில் இலாபம் இதைவிடக் குறைவுதான். ஆனால் பன்னிரண்டரைச் சுற்றிலும் அது சேர்ந்துகொண்டே போகும் அல்லவா? வேகத்தைக் கணக்கிடும் கவலையும் பின்னால் வருகிறவனுக்கு இல்லை.

பெரிய சாதனைகளின் கதையும் இதுவே. 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 வினாடியில் ஓடினார். அவருக்கு முன்னே முதலில் பிராஷரும் பின்னர் சாட்டவேயும் ஓடினார்கள். 2019இல் வியன்னாவில் கிப்சோகே மாரத்தானை இரண்டு மணிக்குள் முடிக்க 41 பேர் முறைவைத்து ஓடித் துணை நின்றார்கள். அது சாதனையாக ஏற்கப்படவில்லை என்பது வேறு செய்தி. நம் நாட்டையே பாருங்கள். பகதூர் பிரசாத் 1992இல் 5000 மீட்டரில் ஏற்படுத்திய தேசிய சாதனை முப்பது ஆண்டுகள் நின்றது. 2022இல் அமெரிக்காவில் அதை முறியடித்த அவினாஷ் சாப்ளே, அந்தப் பந்தயத்தில் பெற்ற இடம் பன்னிரண்டு! தம்மைவிட வேகமானவர்களின் பின்னே ஓடியதே அவருக்குத் துணையாயிற்று.

இனி என் பந்தயத்துக்கு வருகிறேன். எட்டுச் சுற்றுகள் தோழன் முன்னே ஓடினான். நான் அவன் குதிகாலையே பார்த்துக்கொண்டு ஓடினேன். ஒன்பதாம் சுற்றில் அவன் தளர்ந்து, “போடா, போ!” என்று ஒதுங்கி வழிவிட்டான். நான் வென்றேன், அவன் கடைசியாக வந்து சேர்ந்தான். மேடையில் என் பெயரை அழைத்தபோது, கீழே என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கைதட்டினான். கோப்பை கனத்தது.

அன்றிரவு அண்ணனிடம் கோப்பையைக் கொடுத்தேன். தறியை நிறுத்தாமலே, “நல்லா இருக்குடா” என்றார். அப்பாவுக்குக் கண் பார்வை மங்கியபோது பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தித் தறியில் நின்றவர் அவர். கல்லூரியில் சேர்ந்தபோது ‘குடும்பத்தில் முதல் பட்டதாரி’ என்று பெருமையோடு எழுதிக் கொடுத்தவன் நான். எட்டுச் சுற்று யார் காற்றை வாங்கினார் என்று அந்தத் தாளில் கேட்கவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை.

நண்பர்களே, முன்னே ஓடுகிறவனுக்கு நன்றி சொன்னால் மட்டும் போதாது. முறை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். இவ்வாண்டு விழாவில் முன்னே ஓடப்போகிறவன் நான்; தோழன் என் பின்னால் வருவான். அண்ணன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத இருக்கிறார். அதுவரை இரவுத் தறி என்னுடையது. காலை முதல் வகுப்பில் நான் கண் அயர்ந்தால் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.