பின் ஸீட்டுக்கு பாலிசி இல்லை!

வேலூர் வரை போய்விட்டு ஆம்பூர் பிரியாணி சாப்பிடாமல் திரும்பினால் ஆபீஸில் மதிக்க மாட்டார்கள். 50 கிலோமீட்டர்தானே என்று மச்சானின் பைக்கில் ஏறினேன். மனைவியின் தம்பி. வயது 23. ஷூ கம்பெனியில் பில் போடும் வேலை.

"கெட்டியா புடிச்சுக்குங்க மாமா!"

நான் தெளிவாகக் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். அப்புறம் வெறும் காற்று! பள்ளிகொண்டாவில் படுத்திருக்கும் ரங்கநாதரை ஓடும் பைக்கிலிருந்தே வேண்டிக்கொண்டேன். 'ஸ்வாமி, நீங்க படுத்திருங்க. என்னைப் படுக்க வச்சுடாதீங்க!'

மாதனூர் தாண்டியதும் தோல் வாசனை. ஆம்பூர்! சாயங்கால ஷிப்ட் விட்ட நேரம். டிபன் பையும் கையுமாகப் பெண்கள் கூட்டமாக ரோட்டைக் கடந்தார்கள். மச்சான் பிரேக் அடித்தான். பைக் கிறீச்சிட்டு, ஒரு அம்மாவின் புடவையை உரசி நின்றது. அவர் பை கீழே விழுந்தது. திட்டுவார் என்று பார்த்தேன்.

"எம் பொண்ணு வீட்ல தனியா இருக்குப்பா..." என்றார். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிரியாணி வந்தது. கத்தரிக்காயும் வந்தது. இரண்டு பேருக்கும் இறங்கவில்லை.

"எதுன்னாலும் இன்ஷூரன்ஸ் இருக்கு மாமா" என்றான் மெதுவாக.

பி.காம். படித்தவனிடமா! பேப்பரை வாங்கிப் பார்த்தேன். 125 சி.சி. பைக். வெறும் தேர்ட் பார்ட்டி. 2022-ல் அரசு நிர்ணயித்த 714 ரூபாய்; வரி தனி. இங்கிலாந்தில் இவன் வயசுப் பையன் கார் வைத்திருந்தால் பிரீமியத்திலேயே சொத்து கரையும். வேகத்தை வேவு பார்க்க வண்டியில் ஒரு பெட்டியே பொருத்துகிற பாலிசிகூட அங்கே உண்டு. நம்மூர் தேர்ட் பார்ட்டி கட்டணமோ சி.சி.யைத்தான் பார்க்கிறது. 110-ல் பறப்பவனுக்கும் 40-ல் போகிற தாத்தாவுக்கும் ஒரே 714!

"மச்சான், இது நீ யாரையாவது இடிச்சா அவங்களுக்கு. உன் பைக் நொறுங்கினா பைசா கிடையாது. பின்னால உக்காந்தவன் இந்தப் பாலிசில சேர்த்தியில்லைனு 2006-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு."

"அப்ப நீங்க..?"

"நான் கணக்கிலயே இல்லை. அந்தம்மாவுக்குப் பணம் வரும். அவங்க பொண்ணுக்கு அம்மா வரமாட்டாங்க."

பதில் பேசவில்லை அவன்.

திரும்பும்போது முள் 50-ஐத் தாண்டவில்லை. டவுன் பஸ்ஸே எங்களை ஓவர்டேக் செய்தது. மச்சான் பல்லைக் கடித்தான். நான் நிலா வெளிச்சத்தில் பாலாற்று மணலை ரசித்துக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு ஆறு அங்கே இருப்பதே போகும்போது எனக்குத் தெரியாது!