காற்றுக்கேற்ற பாய், பாய்க்கேற்ற மரம்

விண்ட்சர்ஃபிங் என்பது பலகையின் மேல் நின்றுகொண்டு, எப்பக்கமும் சாயும் மூட்டினால் அதனோடு இணைக்கப்பட்ட பாயைக் கையால் பிடித்துக் காற்றின் விசையில் நீரைக் கடக்கும் விளையாட்டாகும். பயிற்சிப் பள்ளியின் கருவிகளில் அடிப்படையைக் கற்று முடித்து, சொந்தக் கருவிகளை வாங்க முற்படும் இடைநிலைக் காலத்தில்தான் இதில் பலருடைய பணம் வீணாகிறது. இந்நிலையில் இருப்பவர் பாயை நீரிலிருந்து தூக்கவும் புறப்பட்ட கரைக்கே திரும்பி வரவும் அறிந்திருப்பார். ஹார்னஸ் எனப்படும் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கயிற்றில் மாட்டி, பாயின் இழுப்பைக் கைகளிலிருந்து உடலின் எடைக்கு மாற்றவும் தொடங்கியிருப்பார். ஆனால் பிளேனிங், அதாவது பலகை நீரைத் தள்ளிக்கொண்டு போவதை விட்டு மேலெழுந்து நீர்ப்பரப்பில் வழுக்கி ஓடும் நிலை, அவருக்கு எப்போதாவதுதான் கைகூடும். அது கைகூடாத நாள்களில் குறை தம்மிடம் உள்ளதா கருவியிடம் உள்ளதா என்று பிரித்தறியும் அனுபவம் அவரிடம் இன்னும் சேர்ந்திராததாலேயே, அவருக்குக் கருவித் தேர்வு கடினமாகிறது.

இத்தேர்வை இடத்தை விட்டுப் பிரித்துப் பேச இயலாது என்பதால், வட இத்தாலியின் கார்டா ஏரியை, குறிப்பாக அதன் வடகோடியில் உள்ள டோர்போலே என்னும் ஊரை, இங்கு எடுத்துக்கொள்ளலாம். மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஏரியின் இப்பகுதியில் கோடைக்காலத்தில் நாளொன்றுக்கு இரண்டு காற்றுகள் வீசுகின்றன: விடியுமுன்னே தொடங்கி முற்பகலில் ஓயும் வடகாற்றைப் பெலேர் என்றும், நிலம் சூடேறிய பின் நண்பகலை ஒட்டி எழுந்து மாலை வரை வீசும் தென்காற்றை ஓரா என்றும் அவ்வூரார் அழைக்கின்றனர். பெலேர் டோர்போலேயில் கரையிலிருந்து ஏரியை நோக்கி வீசுவது, ஓரா ஏரியிலிருந்து கரையை நோக்கி வீசுவது; ஆகவே பிற்பகலில் கருவி பழுதடைந்தால் காற்றே மெல்லக் கரை சேர்க்க, காலையில் அதே பழுது நேர்ந்தால் காற்று நடு ஏரிக்கு இழுத்துச் செல்லும். பழைய கருவிகளை வாங்கும் எவரும் விலையைப் பார்ப்பதற்கு முன் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பது நல்லது.

தெளிந்த கோடை நாளின் ஓரா பெரும்பாலும் 12 முதல் 18 நாட் வேகத்துக்குள் அமைகிறது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பாயின் மேல் காற்று செலுத்தும் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 12 நாட் காற்றுக்கும் 18 நாட் காற்றுக்கும் இடையே வேகம் ஒன்றரை மடங்காகும்போது அழுத்தம் இரண்டேகால் மடங்காகிறது. இவ்வளவு அகன்ற இடைவெளியை ஒரே பாயால் சமாளிக்க முடியாது; ஆயினும் நான்கைந்து பாய்களும் தேவையில்லை. சுமார் 75 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 6.5 சதுர மீட்டர்ப் பாய் ஒன்றும் 5.5 சதுர மீட்டர்ப் பாய் ஒன்றும் இருந்தால் ஓரா வீசும் நாள்களில் பெரும்பாலானவை கைக்குள் வந்துவிடும். இவ்விரண்டு அளவுகளைக் குறிப்பிடுவதற்குக் காற்றைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு: இவ்விரண்டையும் 430 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரே பாய்மரத்தில் ஏற்றலாம்.

பாய்மரம் பாயின் உறைக்குள் மறைந்துவிடுவதால், வாங்குபவரின் கண் அதன்மேல் கடைசியாகவே விழுகிறது. கையில் எஞ்சிய பணத்துக்கு ஏதோ ஒரு மரம் என்று முடிவு செய்பவர்களும் உண்டு. முறைப்படி பார்த்தால் இவ்வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். விண்ட்சர்ஃபிங் பாய் தட்டையான துணியாக வெட்டப்படுவதில்லை. அதன் முன்விளிம்பு ஒரு குறிப்பிட்ட வளைவோடு வெட்டப்படுகிறது. பாயின் அடியிலுள்ள கயிற்றைக் கீழ்நோக்கி இறுக்கும்போது மரமும் அதே அளவு வளைந்தால்தான், பாயின் வயிற்றுப்பகுதி உரிய இடத்தில் புடைத்தும், மேற்பகுதியின் பின்விளிம்பு சற்றே தளர்ந்தும் நிற்கும். திடீர் வீச்சு வரும்போது அத்தளர்ந்த பகுதி விரிந்து மிகைக்காற்றை வெளியேற்றிவிடும். மரம் தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் எவ்வளவு இழுத்தாலும் மேற்பகுதி தளராது, ஒவ்வொரு வீச்சும் தோள்மூட்டில் வந்து இறங்கும்; மிகவும் இளகியிருந்தால் பாயின் வடிவமே குலைந்து, இழுப்பின் மையம் முன்னும் பின்னும் அலையும். இரண்டு நிலையிலும் இடைநிலையாளர் தம் நிற்கும் முறையையும் கைப்பிடியையுமே குற்றம் சாட்டிக்கொள்கிறார் என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் அக்குறையைப் பயிற்சியால் தீர்க்க இயலாது.

மரத்தின் விறைப்பை அளக்க ஐஎம்சிஎஸ் என்னும் எண் வழக்கில் உள்ளது. மரத்தின் இரு முனைகளையும் தாங்கிகளில் கிடத்தி, நடுவில் 30 கிலோ எடையைத் தொங்கவிட்டு, மரம் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று பார்த்து, நீளத்தை அத்தாழ்வால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 430 சென்டிமீட்டர் மரம் ஏறத்தாழ 20.5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் அதன் எண் 21. விறைப்பு ஒத்திருந்தும் வளைவின் பரவல் மாறலாம்: சில மரங்கள் நுனியில் கூடுதலாக வளையும், சில நுனி விறைத்து அடியில் வளையும், சில முழுநீளத்திலும் சீராக வளையும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது வேறுபடும் என்பதால், பாயின் அடிப்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் முன்விளிம்பு நீளம், பாயை அகலவாக்கில் தாங்கும் கைப்பிடிச் சட்டமான பூமின் நீளம், பரிந்துரைக்கப்பட்ட மரம் ஆகிய குறிப்புகளைப் பார்க்காமல் எந்தப் பாயையும் வாங்கலாகாது. பழைய பாயும் மரமும் ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த ஆண்டுகளைச் சேர்ந்தவையாக, ஒருவரிடமிருந்தே சேர்ந்து கிடைக்குமானால், தனித்தனியே கிடைக்கும் மலிவான பொருள்களை விட அதற்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே. மரத்தில் கார்பன் இழையின் பங்கு கூடக் கூட எடை குறையும், வளைந்த மரம் விரைவாக நிமிரும், விலையும் ஏறும். இடைநிலையாளருக்கு 50 முதல் 75 விழுக்காடு வரையிலான கார்பன் மரம் போதும். மரங்களில் மெல்லியவை, பருத்தவை என இரு விட்டங்கள் உண்டு. அடியில் செருகும் நீட்டிப்புக் குழாயும் விட்டத்துக்கு ஏற்ப மாறுவதால், ஒரு வகையைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிலைத்திருப்பது இரட்டைச் செலவைத் தவிர்க்கும்.

பலகையின் கணக்கு இதைவிட எளிது. பலகையின் கனஅளவு லிட்டரில் குறிக்கப்படுகிறது. நன்னீரில் ஒரு லிட்டர் ஒரு கிலோவைத் தாங்கும். 75 கிலோ எடையுள்ளவரோடு பலகை, பாய், ஈர உடை ஆகியவற்றின் எடையையும் கூட்டினால் சுமார் 95 கிலோ வருவதால், 120 லிட்டர்ப் பலகையில் 25 லிட்டர் மிச்சம் நிற்கும்; காற்று இறங்கிவிட்டாலும் பலகைமேல் நின்று பாயைத் தூக்கிக் கரைக்குத் திரும்ப அம்மிச்சம் உதவும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரை விடச் சுமார் இரண்டரை விழுக்காடு கூடுதல் என்பதால், இதே பலகை கடலில் மூன்று கிலோ அளவுக்குக் கூடுதலாகத் தாங்கும். ஏரியில் ஓட்டுபவர் அந்த உதவியை எதிர்பார்க்க முடியாது. விரைவில் தேர்ச்சி பெற்றுவிடுவோம் என்ற நம்பிக்கையில் 95 லிட்டர்ப் பலகையை வாங்குபவர், கற்கும் நேரத்தின் பெரும்பகுதியை நீருக்குள் மிதந்தபடி கழிக்க நேரும்.

இவ்விளையாட்டு தொடக்கத்தில் இவ்வளவு நுட்பமான தேர்வுகளைக் கேட்டதில்லை. கலிஃபோர்னியாவில் ஹோய்ல் ஷ்வைட்சரும் வானூர்திப் பொறியாளரான ஜிம் டிரேக்கும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவி, சுமார் 12 அடி நீளப் பலகையும் ஒரே ஒரு பாயும் கொண்ட வடிவமாகவே பரவியது. பலதரப்பட்டவர்களும் அந்த ஒன்றிலேயே ஓட்டினர். பலகைகள் குறுகிப் பாய்கள் பல அளவுகளாகப் பிரிந்த பிறகு வேகம் கூடியது. கூடவே தவறாக வாங்குவதற்கான வாய்ப்புகளும் பெருகின. இரண்டு பாய், ஒரு மரம், ஒரு பலகை என்னும் சிறு தொகுப்பு அந்தப் பழைய எளிமைக்கு ஓரளவு திரும்புவதாகும், வறுமையின் அடையாளமாக அதைக் கருத வேண்டியதில்லை. பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் பயன்பட்ட, நீருக்கடியில் இறக்கை பூட்டி மேலெழும் ஃபாயில் பலகையைக் கண்டு ஈர்க்கப்படுபவரும், இச்சிறு தொகுப்பில் காலூன்றிய பின்னர் அதை எண்ணலாம்.

பயன்படுத்திய பொருள்களைச் சோதிக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். பலகையில் குதிகால் பதியும் இடங்களைக் கட்டைவிரலால் அழுத்தும்போது அமுங்கினால், மேலோட்டுக்கும் உள்ளிருக்கும் நுரைக்கும் இடையே பிணைப்பு விட்டிருக்கிறது. அடியில் ஃபின் எனப்படும் துடுப்பு செருகும் பெட்டியைச் சுற்றி மயிரிழை விரிசல் தெரிந்தாலும், எடை குறிப்பிட்டதை விட வெகுவாகக் கூடியிருந்தாலும், உள்ளே நீர் புகுந்திருக்கக்கூடும். பாயின் ஒளிபுகும் மோனோஃபிலிம் படலம் வெயிலில் கிடந்து மங்கி, மடித்தால் நொறுங்கும் பதத்தில் இருந்தால், அது எவ்வளவு மலிவாயினும் ஒரு பருவத்தைத் தாண்டாது. பூம் அலுமினியத்தாலானதாக இருப்பதில் குறையில்லை. கடலில் ஓடியதாயின், நீட்டும் குழாய் உப்பேறி இறுகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பலகையையும் மரத்தையும் இணைக்கும் மூட்டின் நெகிழ்பகுதியை மட்டும் பழையதாக வாங்கலாகாது. முழுக் கருவித் தொகுப்பில் மிகக் குறைந்த விலையுள்ள உறுப்புகளில் ஒன்றான அது அறுந்தால், பாய் ஒருபுறமும் பலகை மறுபுறமுமாகப் பிரிந்துவிடும். 346 மீட்டர் வரை ஆழமுள்ள ஏரியில், பெலேர் வீசும் காலையில், கரையை விட்டு விலகும் திசையில் அது நேரக்கூடாது. மூட்டின் நெகிழ்பகுதி, அதன் பாதுகாப்புக் கயிறு, பாயை இறுக்கும் கயிறுகள், மிதவைச் சட்டை, உடலுக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும் ஹார்னஸ் ஆகியவற்றுக்கான தொகையை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் மரமும் பாய்களும், அதன் பின்னர் பலகையும் என்ற வரிசையில் செலவிடலாம். பெலேரின் வலுவான காலைகளுக்கு 4.7 சதுர மீட்டர்ப் பாயும் அதற்குரிய 400 சென்டிமீட்டர் மரமும் ஒருநாள் தேவைப்படலாம்; ஆனால் 5.5 பாயில் ஹார்னஸோடும், பலகைமேல் பாதங்களைச் செருகும் கால்பட்டைகளோடும் ஓராவின் முழு வீச்சில் நிலைத்து ஓட்ட முடிந்த பின்பே அச்செலவுக்குப் பொருள் உண்டு.