நீ வந்ததே தெரியலையே தம்பி!

இரவு பத்தே கால் மணி. திருச்சி உறையூரில் ஒரு குறுகலான தெரு. கடைகள் ஷட்டரை இறக்கிவிட்டன. தெருமுனையில் ஒரு புல்லட் திரும்புகிறது. திரும்பிய கையோடு ஆக்ஸிலரேட்டரை இரண்டு முறுக்கு முறுக்குகிறான் அந்த இளைஞன். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. படுத்திருந்த நாய்கள் எழுந்து குரைக்கின்றன.

ஏழாவது வீட்டில் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறார். மகன் வந்துவிட்டான் என்பதற்கு அவருக்கு அந்தச் சத்தம்தான் அடையாளம்.

எட்டாவது வீட்டில், பிறந்து இருபதே நாளான குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிப்போட்டு வீறிட்டு அழுகிறது. அதற்கும் அதே சத்தம்தான் காரணம்.

பத்துத் தலை திரும்புமே!

அவனுக்கு வயது 23. சத்திரம் பேருந்து நிலையம் அருகே ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் வேலை. காலை பத்திலிருந்து இரவு பத்து வரை குனிந்த தலை நிமிராமல் டிஸ்ப்ளே மாற்றுவான். வருகிறவர்கள் போனைப் பார்ப்பார்கள், பில்லைப் பார்ப்பார்கள். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வருடம் சீட்டுக் கட்டி, செகண்ட் ஹேண்டில் 350 சிசி புல்லட் வாங்கினான். வாங்கிய வாரமே வண்டியோடு வந்த சைலன்ஸரைக் கழற்றி சாக்கில் சுற்றிப் பரணில் போட்டான். அந்த இடத்தில் சத்தம் போடுகிற சைலன்ஸர் ஏறியது.

சைலன்ஸருக்குள் துளையிட்ட குழாய்களும் தடுப்புகளும் இருக்கும். இன்ஜினிலிருந்து சீறி வரும் புகையின் வேகத்தைத் தணித்து, சத்தத்தை அடக்குவது அவைதான். அவன் மாட்டியதில் அந்தத் தடுப்புகள் பெயருக்குத்தான் இருந்தன. மாட்டிவிட்ட மெக்கானிக் அண்ணனே சொன்னார்: "சத்தம்தான் தம்பி கூடும், வேகம் கூடாது."

அவனுக்கு வேகம் தேவைப்படவில்லை. சிக்னலில் ஒரு முறுக்கு முறுக்கினால் பத்துத் தலை திரும்பும். நாள் முழுக்க யாரும் பார்க்காத முகத்துக்கு அந்தப் பத்து விநாடி பெரிய விஷயமாக இருந்தது.

வெட்டப்பட்ட ஓரம்

ஒரு நாள் நண்பன் இன்னொரு பைக்கில் பின்தொடர்ந்து வந்து ரீல்ஸ் எடுத்துக் கொடுத்தான். கறுப்பு ஹெல்மெட், மாலை வெயில், அதிரும் புல்லட். பத்து முறை பார்த்தான். பத்து முறையும் தன்னையேதான் பார்த்தான்.

பதினோராவது முறைதான் படத்தின் ஓரம் கண்ணில் பட்டது. டீக்கடை பெஞ்சில் ஒரு பெரியவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருக்கிறார். சைக்கிளில் போன பள்ளிக்கூடச் சிறுமி சத்தத்தில் மிரண்டு, ஹேண்டில்பார் தடுமாறி, காலை ஊன்றி நிற்கிறாள். பின்னால் வந்த வேன் சட்டென்று பிரேக் போடுகிறது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

வண்டியில் போகும்போது இதெல்லாம் அவனுக்குத் தெரியவே இல்லை. தலைகள் திரும்பியது தெரிந்தது. எந்த முகத்தோடு திரும்பின என்பது தெரியவில்லை.

அவன் அப்போதும் மாறிவிடவில்லை. அந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டு வீடியோவைப் பதிவேற்றினான். லைக்ஸ் குவிந்தது.

வீட்டில் அம்மாவுக்குத்தான் பயம். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று விழுந்து, கைதாகி, 10 ஆண்டுகளுக்கு லைசென்ஸை இழந்த யூடியூபரை நினைவுபடுத்துவார். "நான் என்ன வீலிங்கா பண்றேன்? சும்மா சத்தம்தானேம்மா" என்பான் அவன்.

சும்மா சத்தமா?

சட்டம் அதைச் 'சும்மா' என்று விடுவதில்லை. சத்தக் கட்டுப்பாட்டு விதியை மீறி வண்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவின்படி, முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். லைசென்ஸும் 3 மாதம் செல்லாமல் போகும்.

குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பதுதான் சத்தத்துக்கான வரம்பு. டெசிபலில் 10 கூடினால் சத்தத்தின் ஆற்றல் 10 மடங்கு கூடியதாக அர்த்தம். மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அங்கே வரம்பு இன்னும் குறைவு.

'சத்தம் கேட்டால்தான் மற்ற வண்டிக்காரர்கள் ஒதுங்குவார்கள், பாதுகாப்புதானே' என்று பலர் சொல்வதுண்டு. ஆனால், சைலன்ஸரின் வாய் இருப்பது பின்பக்கம். எதிரில் வருகிறவரை எச்சரிப்பதைவிட, கடந்துபோன பிறகு மற்றவர்களைத் திடுக்கிட வைப்பதுதான் அதிகம் நடக்கிறது.

ஒரு மிஸ்டு கால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் எட்டாவது வீட்டு அத்தை வந்தார். மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்திருப்பவர். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்து, பதிலைத் தயாராக வைத்திருந்தான்.

"தம்பி, எனக்கு ஒரு உதவி பண்ணுவியா? ராத்திரி கடையிலேருந்து கிளம்பறப்ப ஒரு மிஸ்டு கால் குடுக்கறியா?"

"எதுக்கு அத்தை?"

"பிள்ளையைத் தொட்டில்லேருந்து எடுத்து மடியில வெச்சுக்குவேன். தூக்கத்துல சத்தம் கேட்டா அதுக்குத் தூக்கிவாரிப் போடுது. மடியில இருந்தா சீக்கிரம் அடங்கிடும்."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. முறுக்காதே என்றுகூடச் சொல்லவில்லை. அவன் தயாராக வைத்திருந்த பதில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

"சரி அத்தை" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் இரவு அவன் மிஸ்டு கால் கொடுக்கவில்லை. தெருமுனையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, கிட்டத்தட்ட 190 கிலோ வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டே வந்தான். சட்டை நனைந்துவிட்டது. கதவைத் தட்டியபோது அம்மா பதறிப்போய்க் கேட்டார்: "என்னடா, வண்டி ரிப்பேரா?"

அந்த வார விடுமுறையில் பரணில் கிடந்த சாக்கு கீழே இறங்கியது. மெக்கானிக் அண்ணன் பழைய சைலன்ஸரை மாட்டிக்கொண்டே சிரித்தார். அதன் பிறகு, பழகிய கையை அடக்கத்தான் கொஞ்ச நாள் பிடித்தது. சிக்னலில் நிற்கும்போது தானாக முறுக்கப் போகும். பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரிச் சுவரோரம், சாவு வீட்டுப் பந்தலைக் கடக்கும்போது ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தப் பழகினான். சைக்கிளைத் தாண்டும்போது கொஞ்சம் விலகி, மெதுவாகத் தாண்டினான். தலைகள் திரும்பவில்லை. முதலில் அது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்து, மகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பும் நாளன்று, அத்தை ஒரு டப்பாவில் அதிரசம் கொண்டுவந்து கொடுத்தார்.

"ராத்திரி எப்பத்தான் வீட்டுக்கு வர்றே? நீ வந்ததே தெரியலையே தம்பி!"

இதுவரை அவன் வண்டிக்குக் கிடைத்த எந்த லைக்கும் இப்படி இனித்ததில்லை.

அம்மாவுக்கு மட்டும் ஒரு சிக்கல். தோசைக்கல்லை எப்போது வைப்பது என்று தெரியவில்லை. அதனால், அன்று அத்தை கேட்ட அந்த மிஸ்டு கால் இப்போது தினமும் இரவு பத்து மணிக்கு அம்மாவின் போனுக்கு வருகிறது.