செம்மரமும் அதன் அண்டைவீட்டாரும்

நவராத்திரிக் கொலுவுக்காகப் பெட்டியைத் திறக்கும்போது, மேற்படியில் வைப்பதற்கென்று முதலில் வெளியே எடுக்கப்படுவன மரப்பாச்சிகள். தில்லியிலாயினும் பம்பாயிலாயினும், கடல் கடந்த ஊர்களிலாயினும், தமிழ்க் குடும்பங்கள் கையோடு கொண்டு சென்ற சிறு உடைமைகளுள் அந்த ஆண் பெண் இணையும் ஒன்று. திருப்பதிக்குச் சென்று திரும்பியவர் வாங்கி வந்ததாகவோ, தாய்வீட்டுச் சீராக வந்ததாகவோ அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கும். குழந்தைக்குக் கட்டி வந்தால் அந்தப் பொம்மையையே கல்லில் இழைத்துப் பற்றுப் போட்ட பாட்டிமார்களையும் நாம் அறிவோம். ஆயினும் அந்த மரம் எங்கே விளைகிறது, அதன் அருகே வாழ்வோர் யாவர் என்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

பழைய மரப்பாச்சிகளுட் பல செம்மரத்தாலானவை. செஞ்சந்தனம் என்பதும் அதுவே. தெலுங்கர் எர்ர சந்தனம் என்பர். பெயரில் சந்தனம் இருப்பினும் மணம் இல்லை. வைரம் பாய்ந்த கட்டையை நீரில் இட்டால் மூழ்கிவிடும், அத்துணைக் கனம். உலகில் இம்மரம் இயற்கையாக விளையும் இடம் மிகச் சிறிது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கடப்பை, சித்தூர், திருப்பதி, நெல்லூர்ப் பக்கத்துக் கல்லாங்காடுகளிலும், அவற்றை ஒட்டிய தமிழகத்தின் சில மூலைகளிலும் மட்டுமே அது தானாக வளர்கிறது. சேஷாசல மலைத்தொடரே அதன் தலைவீடு எனலாம்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வட எல்லையாகக் கொண்ட வேங்கடமும் இம்மலைதான். வட ஆர்க்காட்டுத் தாலுகாக்கள் சிலவற்றையும் கடப்பைப் பகுதிகளையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. 1953-இல் ஆந்திரத்தோடு சென்றது. எல்லைக் கிளர்ச்சியின் பயனாகத் திருத்தணி 1960-இல் நம்மிடம் வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் இவ்வாறு மாறிக்கொண்டே இருந்தன. மலைக்கு இருபுறமும் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவோர் விறகும் புல்லும் எடுக்க அதே காட்டுக்குள் சென்று வந்தனர்.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் அக்காடுகளை ஒதுக்கக் காடுகளாக்கியது. அதுவரை வழக்கமாய் இருந்த மேய்ச்சல் அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உரியதாயிற்று. ஆடு உள்ளே போனால் அபராதம். குடியானவர்களின் முறையீடு பெருகவே, 1913-இல் அரசு ஒரு வனக்குழுவை அமைத்து விசாரித்தது. அதன் பின்னர்ச் சில காடுகள் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பொறுப்பில் விடப்பட்டன. மக்களிடம் காட்டை ஒப்படைத்தல் ஏதோ அண்மைக்காலப் புதுமை என்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளல் நலம்.

விடுதலைக்குப் பின்னும் காடு அரசின் கூப்பாகவே இருந்தது. மாற்றத்தின் வித்து வங்காளத்தில் விழுந்தது. அங்கே அரபாரி என்னுமிடத்தில் 1970-களின் தொடக்கத்தில் அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, சால மரக்காட்டைக் காத்துத் தந்தால் விளைச்சலில் நாலில் ஒரு பங்கு உங்களுக்கு என்று ஊராரோடு உடன்பாடு கண்டார். மொட்டையாகிக் கிடந்த காடு தழைத்தது. 1988-இன் தேசிய வனக்கொள்கையும், 1990 சூன் முதல் நாள் மைய அரசு விடுத்த சுற்றறிக்கையும் அவ்வழியைப் பொதுவழியாக்கின. ஆந்திரம் 1992-இல் இதனை மேற்கொண்டு, ஊர்தோறும் வன சம்ரட்சண சமிதிகளை அமைத்தது. உலக வங்கிக் கடனும் வந்தது. தமிழகத்திலும் 1997 முதல் சப்பானிய நிதியுதவியுடன் கிராம வனக்குழுக்கள் தோன்றின.

சமிதி என்ன செய்தது? மூங்கிலை எடுத்துக்கொள்வோம். கல்மூங்கில் குத்தில் ஆண்டுதோறும் புதுக் கழிகள் முளைக்கும். இளங்கழிகளை விட்டு, முற்றியவற்றை மட்டும், மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை சுழற்சியாக வெட்டினால் குத்து அழியாது. குத்தகைதாரர் கையில் இருந்தபோது, கூலிக்கு வெட்டுபவன் வெளிவட்டத்தில் கைக்கு எட்டியதை எல்லாம் வெட்டுவான். நடுவில் முற்றிய கழிகள் சிக்கிக் கிடந்து குத்தே நெரிந்து போகும். அடுத்த முறையும் தானே வெட்டப்போகிறவன் அப்படிச் செய்யான். நிலைத்த விளைச்சல் என்று வனநூலார் கூறுவதன் முழுப்பொருளும் இவ்வளவே. அதற்குக் கணக்குப் புத்தகத்தைக் காட்டிலும், ‘நாளை இது என்னுடையது’ என்ற உறுதியே பெரிது.

கிழங்குகளின் கதையும் அன்னதே. நாம் தயிரில் ஊறுகாயாகப் போடும் மாகாளிக் கிழங்கு இம்மலைப் பாறையிடுக்குகளில் விளைவது. இராயலசீமையில் நன்னாரிச் சர்பத்து என்று கோடையில் பருகுவதும் பெரும்பாலும் இக்கிழங்கின் சாறே. தோண்டுவோர் யானாதி முதலிய பழங்குடியினர். கொடியின் தலையை மண்ணில் விட்டுவிட்டுப் பக்கக் கிழங்கை மட்டும் எடுத்தால் மறுபடி தழைக்கும். வியாபாரி அவசரப்படுத்தும்போது வேரோடு வரும். இப்போது கொடி அரிதாகிவிட்டது. ஊறுகாய் விலை ஏறியதை மட்டும் நாம் அறிகிறோம்.

ஆனால் செம்மரம் மூங்கிலன்று, கிழங்குமன்று. அதன் வைரக்கட்டை சீனத்தில் அரண்மனைத் தட்டுமுட்டுக்கும், சப்பானில் சாமிசென் என்னும் நரம்புக்கருவிக்கும் வேண்டப்படுவது. முதிர்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டிய கட்டையினின்று மறுதுளிர் விடும் நற்பண்பு உண்டெனினும், அத்துளிர் வைரம் பாயக் காத்திருக்க ஒரு தலைமுறை வேண்டும். 1995-இல் அருகிவரும் உயிரினங்களின் உலக வாணிப உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்குத் தடை விழுந்தது, விலை வானளாவியது, கடத்தல் பெருகியது. பறிமுதலான கட்டைகளை 2014 முதல் ஆந்திர அரசு உலக அளவில் ஏலம் விட்டது. அப்பெருந்தொகை கருவூலத்துக்குச் சென்றது. தீயணைத்தும் காவல் சுற்றியும் காட்டைக் காத்த அடிவாரத்து ஊரானுக்கு மூங்கிலும் சீத்தாப்பழமும் பங்காயின. மலையின் முதற்பொருளில் அவனுக்குரிய இடம் என்ன என்பது தெளிவாகவில்லை. இதனையே இத்திட்டத்தின் ஆழ்ந்த குறையாக நாம் காண்கிறோம்.

பங்கில்லாத பொருளைக் கூலிக்கு வெட்ட, எல்லைக்கு அப்பாலிருந்து ஆள் வந்தது. சவ்வாது மலையில் சந்தன மரங்கள் ஒருகாலத்தில் மிகுந்திருந்தன. அவை அருகியபின், கோடரி பிடிக்கத் தெரிந்த மலையாளிப் பழங்குடியினருக்கு மலையில் வேலை குறைந்தது. தரகர்கள் அங்கேதான் சென்றனர். சில நாள் உழைப்புக்குப் பல மாதக் கூலி. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் வன அலுவலர் இருவர் கடத்தற் கும்பலால் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் அதே மலையில் தமிழர் இருபதின்மர் ஆந்திரக் காவலர்களின் துப்பாக்கிக்கு இரையாயினர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்து ஏழைகள். தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறிற்று. மனித உரிமை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. மரத்தை வாங்கியவர் எவரும் அன்று காட்டில் இல்லை.

இருபுறமும் மாண்டவர்கள் சம்பளக்காரரும் கூலிக்காரருமே. இவ்விருவரையும் எதிரெதிரே நிறுத்திய ஏற்பாட்டைக் குறித்துப் பேசாமல், ‘கடத்தல்காரர்’ என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது எளிது. அயலூரில் பிழைக்க வந்த நமக்கு, பிழைப்பின் பொருட்டு எல்லை கடப்பவன் முற்றிலும் அந்நியன் அல்லன்.

இதற்கிடையே காட்டுக்கு வெளியே வேறொரு கதை நடந்து வருகிறது. சித்தூர், கடப்பைப் பக்கத்துப் பட்டா நிலங்களில் விவசாயிகள் செம்மரம் நட்டனர். நட்டபின் வெட்டவும் விற்கவும் அனுமதிக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தனர். 2022-இல் இம்மரம் மீண்டும் அழிநிலைப் பட்டியலில் வைக்கப்பட்டது. 2023-இல் உலக உடன்படிக்கைக் குழு இந்தியச் செம்மரத்தின் மீதிருந்த நெடுநாள் வாணிப ஆய்வை விலக்கிக்கொண்டது. இதனால் வளர்ப்பு மரத்துக்கு வழி சற்றே திறந்தது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி வணிகர் செலுத்திய தொகையிலிருந்து, 2025-இல் தேசிய பல்லுயிர் ஆணையம் ஆந்திர விவசாயிகள் 198 பேருக்கு ஏறத்தாழ 3 கோடி ரூபாய் பங்காக வழங்கியது. திருவள்ளூர் மாவட்டத்துத் தமிழ் விவசாயிகள் சிலருக்கும் பங்கு கிடைத்தது. பட்டா உள்ளவனுக்கு இவ்வாறு ஒரு வாயில் கிடைத்துவிட்டது. பட்டா இல்லாத யானாதிக்கு 2006-இன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. ஊர்ச்சமூகமே காட்டைக் காத்துப் பயன்கொள்ளும் உரிமையை அது பேசுகிறது. அவ்வுரிமைக்கான மனுவை எழுத அவனுக்கு ஒருவர் துணை வேண்டும். எல்லையைக் காட்ட ஒரு வரைபடம் வேண்டும். கிராமசபை கூட வேண்டும்.