பாறையைப் படித்த பரம்பரை... அணை வந்ததும் போன வேலை!

உக்ரைனின் டினிப்ரோ நகரத்தில் 'லோட்ஸ்மான்கா' என்று ஓர் ஏரியா இருக்கிறது. தோட்டம் வைத்த தனி வீடுகள், ஆற்றுப்பக்கம் போனால் அடுக்குமாடிகள். பார்த்தால் சாதாரணப் புறநகர்தான். ஆனால், 'லோட்ஸ்மான்' என்றால் படகுக்கு வழிகாட்டும் மாலுமி. இன்று பெயர் மட்டும்தான் மிச்சம்.

பழைய முழுப்பெயர், லோட்ஸ்மான்ஸ்கா காமியான்கா. கொசாக்குகள் குடியிருந்த ஆற்றங்கரை ஊர். இதற்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்கு டினிப்ரோ ஆற்றின் குறுக்கே வரிசை வரிசையாகக் கருங்கல் பாறைகள். பெரியவை மட்டும் ஒன்பது இடங்களில். அவற்றிலேயே மோசமானதன் பெயர் 'நெனசிதெட்ஸ்'. எவ்வளவு விழுங்கினாலும் வயிறு நிறையாதது என்று அர்த்தம். கரையில் நின்று படகு உடைவதைப் பார்த்த யாரோதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்!

வசந்த காலத்தில் வெள்ளம் ஏறும்போதுதான் சரக்குப் படகுகளும் மரத் தெப்பங்களும் இறங்க முடியும். அப்போதும் எந்தப் பாறைக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், எங்கே சுக்கானை விடாமல் பிடிக்க வேண்டும் என்பது காமியான்கா ஆட்களுக்கே தெரியும். அப்பா பிள்ளைக்குச் சொல்லித் தந்த பாடம் அது. ஒரு நொடி தப்பினால் சரக்கும் போச்சு, உயிரும் போச்சு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொசாக்குகளின் தலைமையிடத்தை 1775-ல் அழித்தது, ரஷ்யப் பேரரசி கேத்தரினின் படை. 12 வருஷம்தான் ஆனது, 1787-ல் அதே அரசு இந்த மாலுமிகளைத் தனிச் சமூகமாகவே அமைத்தது. வரி கிடையாது, கட்டாய ராணுவ சேவை கிடையாது. ஆற்றைத் தெரிந்தவனை அதிகாரமும் தாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்த மரியாதை 1932 வரைதான். கீழே ஜபோரிஷியாவில் பிரம்மாண்ட நீர்மின் அணை எழுந்தது. தேங்கிய நீரில் ஒன்பதும் மூழ்கின. கப்பல்கள் நேராகப் போயின. வழிகாட்ட ஆள் எதற்கு? அணைக்கு முன்னரே வரலாற்றாசிரியர் திமித்ரோ யாவோர்னித்ஸ்கி அந்தப் பாறைகளின் புகைப்படங்களை 1928-ல் ஆல்பமாக வெளியிட்டுவிட்டார். நல்லவேளை!

1941-ல் பின்வாங்கிய சோவியத் படை அணையைத் தகர்த்தது. தண்ணீர் இறங்க, பாறைகள் மறுபடி தலைகாட்டின. போர் முடிந்து அணையைத் திரும்பக் கட்டியதும் மீண்டும் உள்ளே போய்விட்டன. இன்றும் அங்கேயேதான் கிடக்கின்றன.