சுவாமிமலையில் ஒரு பாடம்

கும்பகோணத்துக்கு மேற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது சுவாமிமலை. மலை என்று பெயரே ஒழிய, உண்மையில் அது மனிதர் எழுப்பிய கட்டுமலைதான். தமிழ் வருஷங்கள் 60-க்கும் அடையாளமாக 60 படிகள். என்னுடன் வந்த பேத்தி, "பிரபவ, விபவ, சுக்கில" என்று படிக்கு ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டே ஏறினாள். மேலே போய் உட்கார்ந்ததும், "எங்கே, இன்னொரு தரம் சொல்லு!" என்றேன். பாதியில் நின்றுவிட்டது. "கால் நடந்தால்தான் வருகிறது, தாத்தா!" என்றாள். நான் சிரித்தேன். அன்று மாலைக்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

கோயிலிலிருந்து இறங்கி ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குப் போனோம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை வார்த்த மெழுகு முறையிலேயே இன்றும் இவ்வூரில் விக்கிரகங்கள் வார்க்கிறார்கள். அங்கே அமர்ந்திருந்த பெரியவர் ஒரு தென்னை ஓலை நறுக்கை எடுத்தார். விக்கிரகம் எவ்வளவு உயரமோ, ஓலையும் அவ்வளவு நீளம். அதை மடித்தார், மடித்ததை மறுபடியும் மடித்தார். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இங்கே என்று ஓலையே அளவுகோலாகிவிட்டது. கணக்கை எங்கே போட்டார்? விரலில்தான்!

பிறகு மெழுகு வேலை. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது அது. அனலில் வாட்டிப் பிசைந்து உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, மேலும் மேலும் மண் அப்புகிறார்கள். மண் கூட்டைச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் கூட்டை உடைத்தால் திருமேனி வெளிப்படும். ஒரு கூடு ஒரே விக்கிரகத்துக்குத்தான்.

"மெழுகு பக்குவமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

பெரியவர் பதில் சொல்லாமல் ஒரு துண்டு மெழுகை என் கையில் வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேத்தி கையை நீட்டினாள். "தொடாதே! கண்ணால் பார்!" என்றேன், வழக்கம்போல்.

"கண்ணால் மட்டும் பார்த்தால் வராது, ஐயா!" என்றார் ஸ்தபதி. "சாஸ்திரத்தில் அளவு இருக்கிறது, பக்குவம் இல்லை. அது கைக்குக் கை வருவது. ஒரு தலைமுறை கையை எடுத்துவிட்டால், ஏட்டைப் பார்த்து அதை மீட்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. 1937-ஆம் வருஷத்தில் மாண்ட்ரீல் நகரத்து மூளை வைத்தியர் பென்பீல்டும் அவருடைய சகாவும், மூளையின் மேற்பரப்பில் எந்த இடம் எந்த அங்கத்துக்கு உரியது என்று ஆராய்ந்து வெளியிட்டார்கள். அகன்ற முதுகுக்கு அதில் கிடைத்த இடம் சொற்பம். கைக்கும் விரல்களுக்குமோ மிக விசாலம்! நாமோ, கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் குழந்தையைத்தான் சமர்த்து என்கிறோம். கைவேலையைத் தாழ்வென்றும் எழுத்துவேலையை உயர்வென்றும் எண்ணிப் பழகிய குடும்பங்களில் என்னுடையதும் ஒன்று.

மெழுகைப் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு பிசைந்தாள். "இப்போது இளகுகிறது, தாத்தா... இப்போது இறுகுகிறது!" என்றாள். பெரியவர் மெல்லத் தலையசைத்தார்.

தகப்பனுக்குப் பிள்ளை உபதேசம் செய்த தலம் சுவாமிமலை. அங்கே தலைக்குக் கை உபதேசம் செய்ததில் வியப்பென்ன? "தொடாதே" என்ற சட்டம் எங்கள் வீட்டில் இப்போது ரத்தாகிவிட்டது.