திறவுகோல் யாருடையது?

கடவுச்சொல் சரியாக இருந்தும் வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்ட ஓரிரவைப் பற்றி எழுத முனைகின்றேன். கலைப்பீட மாணவனொருவன் கணினியின் நோய்பற்றிப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அந்நோயை விளைவித்தவன் நானே.

எனது பழைய மடிக்கணினியில் உபுண்டு 16.04 என்னும் லினக்ஸ் பதிப்பு இருந்தது. மூதாட்டி ஒருவரிடம் ஒலிப்பதிவு செய்த தாலாட்டுகளும் ஒப்பாரிகளும், அவைபற்றிய ஆய்வுக்கட்டுரையும் அதில் மட்டுமே இருந்தன. அம்மூதாட்டி இன்று உயிருடன் இல்லை. அவ்விரவு கடவுச்சொல்லை இட்டதும் திரை ஒருகணம் இருண்டது. மீண்டும் அதே நுழைவுத் திரையே தோன்றியது. பலமுறை முயன்றும் பயனில்லை.

"எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிடு" என்றான் அறைத் தோழன். "நிர்வாகியாகவே நுழைந்து வேலை செய்" என்றான் இன்னொருவன். முதலாவது யோசனை பாடல்களை அழித்திருக்கும். இரண்டாவதன் தீமை எனக்குப் பின்னரே புரிந்தது.

கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்1 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தி எழுத்துமுனையத்துக்குச் சென்றேன். அங்கே அதே கடவுச்சொல் ஏற்கப்பட்டது. பாடல்கள் பத்திரமாயிருந்தன. எனவே, குற்றம் கடவுச்சொல்லில் இல்லை என்பது தெளிவாயிற்று.

லினக்ஸின் வரைகலைத் திரையை நெடுங்காலம் இயக்கிவந்தது, 1984 இல் எம்.ஐ.ரி. நிறுவனத்திற் பிறந்த எக்ஸ் சாளர முறைமையாகும். திரையைப் பயன்படுத்த விரும்பும் ஒவ்வொரு செயலியும் அதனிடம் ஓர் இரகசியக் குறியைக் காட்டவேண்டும். 'மஜிக் குக்கி' எனப்படும் அக்குறி 128 பிட் நீளமுடையது. பயனரின் வீட்டு அடைவில், புள்ளியுடன் தொடங்கும் 'எக்ஸ்அதோரிட்டி' என்ற மறைகோப்பில் அது வைக்கப்படும். உரிமையாளரையும் நிர்வாகியையும் தவிர வேறெவரும் அதை வாசிக்க இயலாது.

அக்கோப்பின் உரிமையாளர் பெயரைப் பார்த்தேன். என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'ரூட்' என்றிருந்தது. அன்று மாலை திரை எழத் தாமதித்தபோது பொறுமையிழந்து, 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' என நிர்வாகியின் அதிகாரத்தால் அதனை எழுப்பியிருந்தேன். அப்பதிப்பில் சூடோவைப் பயன்படுத்தினாலும் வீட்டு அடைவு பயனருடையதாகவே இருக்கும். ஆகவே நிர்வாகி எழுதிய கோப்பு என் அடைவிலேயே தங்கிவிட்டது. என் வீட்டின் திறவுகோல் என் வீட்டிலேயே கிடந்தது. ஆனால் அதைத் தொடும் உரிமை எனக்கில்லை. நிர்வாகியாகவே தொடர்ந்திருந்தால் என் ஏனைய கோப்புகளுக்கும் அக்கதியே நேர்ந்திருக்கும்.

'சௌன்' என்னும் கட்டளையால் அக்கோப்பின் உரிமையை மீண்டும் என் பெயருக்கு மாற்றினேன். ஒரே வரி. அடுத்த நுழைவில் மேசைத்திரை விரிந்தது. முதல் வேலையாகப் பாடல்களைத் தோழனின் கணினியிலும் பிரதிசெய்து வைத்தேன்.

பேரதிகாரம் கைக்கெட்டும்போது சிறு தாமதத்தையும் அதனாலேயே தீர்க்க மனம் விழைகின்றது. அன்று என்னை வெளியே நிறுத்தியது அதிகாரக் குறைவன்று. தேவையற்ற இடத்தில் நான் செலுத்திய அதிகாரமே.